நோய் தலையில், பழி தறிக்குழிக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காலில் எந்தக் கோளாறும் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. இதை எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிக்கொண்டிருந்தால் என் தறியில் யார் உட்காருவது? அதனால் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

என் பெயர் சுந்தரி. ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து, பட்டு நெய்கிற வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை; அதைப் பற்றித் தெருவில் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது, இங்கே வேண்டாம். வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. வாசல் பக்கத்துத் தறி என் கணவர் ஏழுமலையினுடையது, சுவர் பக்கத்துத் தறி என்னுடையது. இரண்டும் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்ய வேண்டும். கை ஓடினாலும் கால் ஓடாவிட்டால் துணி இல்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் குழிதான் எனக்கு ஆபீஸ்.

தலைவலியில்தான் ஆரம்பித்தது. காலையில் கண் விழிக்கும்போதே வலி இருக்கும். குனிந்தால் கூடும், இருமினால் கூடும். குமட்டல்கூட இல்லாமல் திடீரென்று வாந்தி வரும். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் லேசாகும். மெல்லிய இழையைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அது சரியில்லை என்று வேறொரு கண்ணாடி கொடுத்தார்கள். தெரு முனை கிளினிக்கில் பித்தத்துக்கு மாத்திரை. மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி தீர்ப்பே எழுதிவிட்டாள். எனக்குத் தலை வலிக்கிறது, ஊருக்கே என் வைத்தியம் தெரிந்திருக்கிறது. நல்ல கூத்து.

பிறகு கால். வலி இல்லை, வீக்கம் இல்லை. தூக்கி வைக்கத்தான் வரவில்லை. யாரோ பாதத்தைத் தரையோடு வைத்து ஒட்டியது மாதிரி இழுத்து இழுத்து நடந்தேன். திரும்ப வேண்டுமென்றால் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. தறியில் மிதி தப்பியது. ஒரே மிதியை இரண்டு முறை மிதித்துவிடுவேன், துணியில் கோடு விழும், பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். இன்னொன்றும் இருந்தது. சிறுநீர் வருகிறது என்று தோன்றினால் அடுத்த நிமிஷம் அடக்க முடியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், டாக்டருக்கு அதுவும் ஒரு முக்கியமான துப்பு.

எங்கள் ஊரில் நெசவாளிக்குக் காலில் என்ன வந்தாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: குழியின் ஈரம் ஏறிவிட்டது. முட்டி வலியா, குழி. இடுப்பு வலியா, குழி. சர்க்கரைக்காரருக்குப் பாதம் மரத்துப்போனாலும் குழி. என் குழி குளியலறைச் சுவரை ஒட்டி இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சுவரிலிருந்து தண்ணீர் கசிகிறது, அது குழி வழியாகக் காலில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஏழுமலையும் நம்பினார். குழியை மூடிவிடலாம் என்றார். என் உயிர் இருக்கிற வரைக்கும் அது நடக்காது என்றேன். உங்கள் குழி மட்டும் காய்ந்து கிடக்கிறதா என்று கேட்டேன். ஆனாலும் அவர் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது தூக்கம், பேசிக்கொண்டிருக்கும்போது தூக்கம். தறியில் இருந்த புடவையை அறுத்து இறக்கிய மறுநாள், காலை இட்லி சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாயலாமென்று உள்ளறையில் படுத்தேன். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தால் என் தறி இல்லை. குழி இருந்த இடத்தில் ஈர சிமென்ட். இன்னும் இரண்டு புடவைக்கு மீதியிருந்த பாவு நூலைச் சுருட்டிப் பரணில் ஏற்றியிருந்தார். தறியைப் பிரித்து, மண் கொட்டி, இடித்து, சிமென்ட் பூசி முடிக்கிற வரை ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை. அது எத்தனை பெரிய அபாயம் என்று அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன், சுந்தரி. கால் சரியாவட்டும், மேல வெக்கிற தறி ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து அவரிடம் பேச்சை நிறுத்தினேன். நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறினேன். கோபித்துக்கொண்டு போகிற பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். நான் என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஏழுமலையைத் திட்ட வேண்டுமென்றால் அவர் தங்கை காஞ்சனாவைவிடத் தகுந்த துணை இந்த மாவட்டத்தில் கிடையாது. பஸ் நிலையத்தில் நான் தடுமாறி நடந்ததைப் பார்த்து ஒரு ஆள், பட்டப்பகலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். அவனை ஒரு பார்வை பார்க்க நின்று திரும்பினேன். திரும்புவதற்குள் அவன் போய்விட்டான், அவ்வளவு மெதுவாகத்தான் என்னால் திரும்ப முடிந்தது.

காஞ்சனா தையல் கடை வைத்திருக்கிறாள். வாய் கத்தரி மாதிரி, மனசு தங்கம். முதல் நாள் அண்ணனைத் திட்டினாள். இரண்டாம் நாள் காலை நான் வாந்தி எடுப்பதையும், ஒரு டம்ளரை எடுக்கப் போய்ப் பக்கத்தில் காற்றைப் பிடிப்பதையும் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்தினாள். எனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

"அண்ணி, உனுக்கு கண்ணாடிக் கடை வேணாம். கண் டாக்டரு வேணும். கெளம்பு, ஜல்தி" என்றாள்.

கண் டாக்டர் சின்னப் பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து, பிறகு விளக்கை வைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எழுத்துகளைப் படிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. காலையில் தலைவலி உண்டா, வாந்தி உண்டா, நடை எப்படி, சிறுநீர் எப்படி. ஒவ்வொன்றுக்கும் உண்டு, உண்டு என்றேன். மறைத்து வைத்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணில் கோளாறு இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் ஏறினால்தான் இப்படி வீங்கும் என்றார். வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று நான் எழுந்தேன். வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக வேலூர் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் இன்று எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காஞ்சனா போனில் சொன்னதும், ஏழுமலை ஆரணியிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் அவரிடம் பேசவில்லை. அவர் என் பையை வாங்கிக்கொண்டார், நான் கொடுத்தேன். அதோடு சரி.

காத்திருக்கிற இடம் தனி உலகம். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐந்து நிமிஷத்தில் நம் ஜாதகமே தெரிந்துவிடும். மூளைக்கட்டி என்று ஒருவர் சொன்னார். தலையைத் திறந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று ஒரு அம்மா சொன்னார். எனக்குப் பயம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவின் முன்னால் நடுங்குவேனா? உங்கள் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கேட்டேன். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

தலையை ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத் திரையில் வைத்து மூளை டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளைக்குள் ஒன்றோடு ஒன்று சேர்ந்த நான்கு சிறிய அறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் தினமும் ஊறி, அறை அறையாக இறங்கி, மூளையின் வெளிப்பக்கம் போய், ரத்தத்தில் கலந்துவிடும். மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவில் ஒரு குறுகலான வழி உண்டு. எனக்கு அந்த வழி அடைத்துக்கொண்டுவிட்டது. ஊறுவது நிற்கவில்லை, போக வழி இல்லை. மேலே இருக்கிற அறைகள் ஊதிப் பெருத்து மூளையை நெருக்குகின்றன. காலை நடத்துகிற நரம்பும், சிறுநீரை அடக்குகிற நரம்பும் அந்த அறையின் சுவரை ஒட்டித்தான் போகின்றன. இதற்கு ஹைட்ரோசெபாலஸ் என்று பெயர், உங்களுடையது அடைப்பு வகை என்றார். குழந்தைகளுக்குத்தான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள், பெரியவர்களுக்கும் வரும். பிறவியிலேயே வழி குறுகலாக இருந்து, இத்தனை வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு இப்போது அடைத்திருக்கலாம் என்றார்.

முதுகில் ஊசி குத்தி அந்த நீரை எடுத்துவிட்டால் ஆகாதா என்று காஞ்சனா கேட்டாள். காத்திருந்த இடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்தது. அடைப்பு இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மேலே இருக்கிற அழுத்தம் மூளையையே கீழே தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். காத்திருக்கிற இடத்து வைத்தியத்துக்கு அத்தோடு முழுக்குப் போட்டோம்.

பிறகு, அதிகம் தூங்குகிறாரா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார்.

"சார், இவ தூங்கிகினு இருக்கும்போதுதான் தறிக்குழிய மூடனோம். கடப்பாரைச் சத்தம், மண்ணு இடிக்கிற சத்தம், தெருவே கேட்டுது. இவ பொரளக்கூட இல்ல. அசதின்னு நெனச்சேன் சார்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அது தூக்கம் இல்லைங்க. நினைவு கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டு இருந்திருக்கு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தீங்கன்னா எழுப்பியே இருக்க முடியாது" என்றார்.

ஏழுமலையின் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். என் கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், வீட்டில் வேலை இருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கட்டி ஏதும் வழியை அடைத்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன், குழாய் மாதிரி நீளமான மெஷினுக்குள் படுக்க வைத்து எடுப்பது. சத்தம் அதிகமாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று மெஷினை ஓட்டுகிற பையன் சொன்னான். விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்வீட்டில் வளர்ந்தவளிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறான். கட்டி இல்லை என்று வந்தது. வழி மட்டும்தான் அடைப்பு. காஞ்சனா அழுதாள். நான் தேறுதல் சொன்னேன். யாருக்கு நோய் என்று பக்கத்துக் கட்டிலில் கேட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு வழி சொன்னார் டாக்டர். மூளையின் அறையிலிருந்து வயிறு வரை தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் வைத்து நீரை வடியவிடுவது ஒன்று. அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம், ஆனால் பலருக்கு அதுதான் கைகொடுக்கிறது. இன்னொன்று, மண்டையில் நாணயம் அளவுக்குத் துளை போட்டு, கேமரா உள்ள மெல்லிய கருவியை உள்ளே விட்டு, மூன்றாவது அறையின் தரையில் சின்ன ஓட்டை போடுவது. அடைத்த வழியை விட்டுவிட்டு, நீர் அந்த ஓட்டை வழியாக இறங்கிக்கொள்ளும். உடம்புக்குள் எதையும் வைக்க வேண்டியதில்லை. என் மாதிரியான அடைப்புக்கு அது பொருந்தும் என்றார். சிலருக்கு அந்த ஓட்டை மூடிக்கொள்ளும், அப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

தரையில் ஓட்டை என்று அவர் சொன்னதும் நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையே போடுங்க டாக்டர். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குழித்தறியில ஒக்காந்து என் காலால மிதிச்சு நெய்வேனா?" என்று கேட்டேன்.

நடை பெரும்பாலும் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு படுக்கைக்கு வந்தேன். சாவதைப் பற்றி அவ்வளவாக நினைக்கவில்லை. பிழைத்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி, மற்றவர் நெய்வதை வேடிக்கை பார்க்கிற என்னைத்தான் நினைத்தேன். அதுதான் என்னை உலுக்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டேன்.

காப்பீட்டு அட்டை செல்லும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது பெரிய நிம்மதி. அது இல்லாதிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஆபரேஷன் அன்று காலை, முன்னந்தலையில் ஒரு பக்கம் மட்டும் மழிப்பார்கள், மீதி முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். காஞ்சனா டீ வாங்கப் போயிருந்தாள். ஏழுமலை சீப்பை எடுத்தார். இத்தனை வருஷத்தில் என் தலையை அவர் வாரியதில்லை. ஆனால் இழை கையாளுகிற கை அல்லவா, ஒரு முடி அறாமல் சிக்கெடுத்தார், மழிக்கிற இடத்தை விட்டு வகிடு எடுத்தார், கடைசி வரை ஒரே இழுப்பில் பின்னி முடித்தார். முடி வளர்கிற வரை மேலே வாரி மறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். நான் இன்னும் அவரோடு பேசவில்லை. என் கையைப் பின்னால் நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விழித்தபோது தலையில் கட்டு, வாய் வறண்டிருந்தது. நர்ஸ் என் பெயர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். ஏழுமலையை உள்ளே விட்டார்கள். அவரைப் பார்த்ததும், "குழிய எப்ப தொறக்கப் போறீங்க?" என்றேன். நர்ஸ் பதறிவிட்டார். ஆபரேஷன் ஆன தலை, குழி குழி என்று பேசுகிறது, நினைவு தடுமாறிவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஏழுமலை அவர் பின்னாலேயே ஓடினார்.

"சிஸ்டர், சிஸ்டர், தெளிவாத்தான் பேசறா. இவ இப்பதான் பழைய சுந்தரி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை கண் விழித்துத் தலைவலியைத் தேடினேன். காயம் எரிந்தது, பழைய வலி இல்லை. வாந்தி இல்லை. சிறுநீர் ஒழுங்குக்கு வரக் கொஞ்சம் நாளானது, வந்துவிட்டது. நடை ஒரேயடியாகத் திரும்பவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் என் கையைப் பிடித்து வார்டு நடையில் கூட்டிப்போனாள். குதிகாலைத் தூக்குங்கள் என்றாள். ஒட்டிக்கொண்டிருந்த பாதம் தரையை விட்டு எழும்பியது. அப்படியே நின்று அழுதேன். வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை தாயே, கால் கிடைத்துவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்தால் பார்க்க வருகிற கூட்டம். தலையில் கை வைத்துவிட்டார்கள், இனிமேல் தறி எதற்கு என்று ஆளுக்கொரு வாக்கு. குழி ஈரம் தலை வரைக்கும் ஏறிவிட்டது பார் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கட்டுப் போட்ட தலையோடு எழுந்து வாசல் வரை நடந்துபோய் அவளை வழியனுப்பி வைத்தேன். என் நடையை அவள் பார்க்கட்டும் என்றுதான்.

பாரம் தூக்காமல், அதிகம் குனியாமல் இருக்கச் சொன்ன காலமெல்லாம் இருந்தேன். மறுபரிசோதனையில் டாக்டரிடம், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்யலாமா என்று வார்த்தை பிசகாமல் கேட்டு, தாராளமாக என்று அவர் சொன்னதை ஏழுமலை காதால் கேட்கும்படி மறுபடி சொல்ல வைத்தேன். தலைவலியும் வாந்தியும் தூக்கமும் திரும்பி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓடிவர வேண்டும் என்றும் சொன்னார். அதை நாங்கள் இருவரும் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஏழுமலை கடப்பாரையை எடுத்து வந்து கூடத்தில் நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவாசியிலிருந்து காஞ்சனா வந்திருந்தாள். எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் நாற்காலியை ஒப்புக்கொண்டேன். சிமென்ட் உடைந்தது. கொட்டிய மண்ணை வாரி வெளியே போட்டார். குழியின் அடிவரை வந்ததும் நான் எழுந்துபோய், குழி விளிம்பில் உட்கார்ந்து கை விட்டு, பழைய அடிமண்ணைச் சுரண்டி ஒரு பிடி எடுத்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. குளியலறைச் சுவர் ஓரத்து மண்ணையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஈரம் எங்கங்க?" என்றேன்.

அவர் மண்ணைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "டாக்டரு தொறந்து உட்டுட்டாரு" என்றார்.

பரணிலிருந்து பாவு நூலை இறக்கினோம். தறியைப் பூட்டி முடித்ததும் குழிக்குள் காலை விட்டேன். வலது மிதி, இடது மிதி, வலது, இடது. தப்பவில்லை. தலைக்குள் போட்ட ஓட்டை என்றைக்காவது மூடிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூடட்டும். மூடியதைத் திறக்க வைக்க எனக்குத் தெரியும்.